கச்சிப்பேட்டுச் சந்தையில் ஓர் ஆட்டம்!

விடுமுறை நாளில் நாலு பேர் கூடினால் ‘டிரேட்’ அட்டையை விரிக்காமல் இருக்க முடியுமா, சுட்டிகளே? பகடையை உருட்டி, மும்பையை வாங்கி, சென்னையில் வீடு கட்டி, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் வாடகை வசூலிப்போம். கடைசியில் ஒருவர் மடியில் நோட்டுக்கட்டு குவிந்திருக்கும். மற்ற மூவரும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள்!

இந்த வகை ஆட்டத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த எலிசபெத் மேகி என்ற பெண், 1904-ஆம் ஆண்டு ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்ற பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் வைத்திருப்பவர்களிடமே பணம் போய்ச் சேருவது சரியா என்று எல்லோரும் யோசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதனால் இரண்டு விதமான விதிகளை உண்டாக்கினார். ஒரு விதிப்படி ஆடினால், ஒருவர் சம்பாதிக்கும்போது எல்லோருக்கும் கொஞ்சம் கிடைக்கும். இன்னொரு விதிப்படி ஆடினால், ஒருவரே எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்வார்.

1935-ஆம் ஆண்டு பார்க்கர் பிரதர்ஸ் என்ற நிறுவனம் ‘மோனோபொலி’ ஆட்டத்தை வெளியிட்டது. மேகியின் காப்புரிமையை அது 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. உலகம் முழுவதும் பரவியது எந்த விதி தெரியுமா? சுருட்டிக்கொள்ளும் விதிதான்!

பலகை ஒன்றேதான். விதி மாறினால் ஆட்டமே மாறிவிடுகிறது, பார்த்தீர்களா?

செப்பேடு சொல்லும் சந்தை

அட்டையில் ஆடும் ஆட்டத்துக்கு விதி இருக்கிறது. உண்மையான சந்தைக்கு? அதைத் தெரிந்துகொள்ள, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காஞ்சிபுரத்துக்குப் போவோமா?

அப்போது அந்த ஊருக்குக் கச்சிப்பேடு என்றும் பெயர். இன்று பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் உலகளந்த பெருமாள் கோயில் அன்றும் இருந்தது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழன், அந்தக் கோயிலுக்காக ஒரு செப்பேடு வெளியிட்டான். அது இப்போது சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அந்தச் செப்பேட்டில் இரண்டு சுவையான சொற்கள் வருகின்றன. ஒன்று, கோல்நிறை கூலி. கோல் என்றால் துலாக்கோல், அதாவது தராசு. நிறுத்து விற்கும் பொருள்களுக்கு வசூலித்த கட்டணம் இது. இன்னொன்று, கால் அளவு கூலி. இங்கே கால் என்பது மரக்கால். நெல் போல அளந்து விற்கும் பொருள்களுக்கு உரிய கட்டணம் இது. இப்படி வசூலான பணம் கோயில் செலவுக்குப் போனது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடைக்குக் கடை தராசும் மரக்காலும் வேறு வேறாக இருந்தால், கட்டணத்தைக் கணக்குப் பார்த்து வாங்க முடியுமா? வியாபாரிகளுக்குள் போட்டி இருக்கலாம். ஆனால் எடைக்கல்லில் போட்டி கூடாது!

அதே செப்பேட்டில் நெசவாளர்களும் வருகிறார்கள். அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி முதலிய நான்கு குடியிருப்புகளில் அவர்கள் வாழ்ந்தார்கள். கோயில் காரியங்களைக் கண்காணிக்கும் பொறுப்பையும் அவர்களில் சிலரிடம் அரசன் ஒப்படைத்தான். தறியில் இழை பிசகாமல் பார்ப்பவர்கள் கணக்கிலும் பிசகாமல் பார்ப்பார்கள் என்று நினைத்தானோ என்னவோ!

வியாபாரிகளும் சும்மா இல்லை. கூட்டம் சேர்ந்து, குழுக்கள் அமைத்து ஊர் ஊராகப் போனார்கள். ‘ஐந்நூற்றுவர்’ என்ற புகழ்பெற்ற வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, கடல் கடந்து இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் பாருஸ் என்ற இடத்தில் கிடைத்திருக்கிறது. அதன் காலம் கி.பி. 1088. முன்பின் தெரியாத ஊரில் போய்ச் சரக்கு விற்க வேண்டுமானால், முதலில் என்ன வேண்டும்? நம்பிக்கை!

நாமே ஒரு சந்தை போடலாம்!

இந்தச் சந்தையை நீங்களே ஓர் ஆட்டமாக ஆடிப் பார்க்கலாம். கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பழைய அட்டை ஒன்று, தாயக்கட்டை, மொச்சைக்கொட்டை, புளியங்கொட்டை, ஐந்து கூழாங்கற்கள், ஒரு கிண்ணம் போதும். மூன்று அல்லது நான்கு பேர் ஆடலாம்.

அட்டையில் சதுரமாக 16 கட்டங்கள் வரையுங்கள். பக்கத்துக்கு நான்கு கட்டம். ஒவ்வொரு பக்கமும் ஒரு தெரு. தெருவுக்கு ஒரு கட்டத்தில் தராசு படம் போடுங்கள். மொச்சைதான் சரக்கு, ஆளுக்கு 20 எடுத்துப் பையில் மறைத்து வையுங்கள். புளியங்கொட்டைதான் காசு, ஆளுக்கு 10. மிச்சக் காசு நடுவில் குவியலாக இருக்கட்டும்.

1. தாயம் உருட்டிக் காயை நகர்த்துங்கள். சாதாரணக் கட்டத்தில் நின்றால் சரக்கு விற்கலாம். மொச்சையைக் கைக்குள் மூடிக்கொண்டு, “ஐந்து!” என்று சொல்ல வேண்டும்.

2. யாரும் சந்தேகப்படாவிட்டால், கையில் இருப்பதை யாருக்கும் காட்டாமல் பொதுப்பையில் போட்டுவிட்டு, குவியலிலிருந்து ஐந்து காசு எடுத்துக்கொள்ளலாம். அதே தெருவில் இன்னொரு வியாபாரியும் நின்றால் போட்டி வந்துவிடும். அப்போது நான்கு காசுதான்!

3. சந்தேகம் வந்தால், “அள!” என்று சொல்லலாம். உடனே கையைத் திறக்க வேண்டும். ஐந்து சரியாக இருந்தால், சந்தேகப்பட்டவர் அவருக்கு இரண்டு காசு தர வேண்டும்; அவருக்கு விற்ற காசும் உண்டு. குறைந்திருந்தால் விற்றவருக்குக் காசு கிடையாது, சரக்கும் போச்சு. கிண்ணத்தில் ஒரு கூழாங்கல் விழும்.

4. தராசுக் கட்டத்தில் நின்றால் ஒரு காசு கூலி கட்ட வேண்டும். அந்த முறை விற்பனை இல்லை.

5. எல்லோருடைய சரக்கும் தீர்ந்ததும், யாரிடம் காசு அதிகமோ அவருக்கு வெற்றி. ஆனால் அதற்குள் கிண்ணத்தில் ஐந்து கற்களும் விழுந்துவிட்டால், சந்தை மூடப்படும். எல்லோருக்கும் தோல்வி! ஒரு முறைகூட ஏமாற்றாதவருக்கும் சேர்த்துத்தான்.

“இது என்ன நியாயம்? நான் சரியாகத்தானே அளந்தேன்?” என்று கோபம் வருகிறதா? வரட்டும். உண்மையான சந்தையிலும் அப்படித்தான் நடக்கிறது.

கிண்ணத்தில் விழும் கல்

இன்றைய காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோர்வைச் சேலை என்றால், உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்ய வேண்டும். நெய்பவருக்குத் துணையாகப் பக்கத்தில் இன்னொருவரும் உட்கார வேண்டும். அசல் சரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள்.

விசைத்தறியில் வேகமாக ஓட்டி, போலிச் சரிகை வைத்து, “காஞ்சிப் பட்டு” என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கியவர் ஏமாந்த பிறகு என்ன சொல்வார்? அந்த ஒரு கடையை மட்டுமா குறை சொல்வார்? “காஞ்சிப் பட்டே இப்படித்தான்” என்று சொல்லிவிடுவார். நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்து ஒழுங்காக நெய்தவரின் பெயரும் சேர்ந்து கெடும். கிண்ணத்தில் ஒரு கல்!

அதைத் தடுக்கத்தான் காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. துணி அசல் பட்டுதான் என்று காட்ட ‘சில்க் மார்க்’ முத்திரை இருக்கிறது. அன்றைய துலாக்கோலுக்குப் பதில், இன்றைக்கு இவை.

அடுத்த முறை அம்மாவோ அத்தையோ பட்டுச் சேலை எடுக்கப் போகும்போது நீங்களும் கூடவே போங்கள். முத்திரை எங்கே என்று பார்த்துச் சொல்லுங்கள். “அள!” என்று கேட்பதற்கு வெட்கப்படவே வேண்டாம். சரியாக அளப்பவர் அதற்குக் கோபப்பட மாட்டார்!