உப்புக் காற்று தின்னும் ரெக்கார்டு பிளேயர்! குற்றவாளி ஸ்பீக்கர் அல்ல, 'கை'!

மரக்காணம் பாத்தியில் உப்பு விளைந்தால் ஊருக்குக் காசு. அதே உப்பு காற்றில் ஏறி வீட்டுக்குள் புகுந்தால்? சைக்கிள் செயின் போகும். சன்னல் கம்பி போகும். அலமாரியில் இருக்கும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்து போகும்.

வேடிக்கை என்னவென்றால், எல்.பி. ரெக்கார்டும் உப்பின் பிள்ளைதான்! அதன் மூலப்பொருளில் பெரும்பங்கு பி.வி.சி. பிளாஸ்டிக். பி.வி.சி.யின் எடையில் 57 சதவீதம் குளோரின். குளோரின் எடுப்பது உப்பில் இருந்து. தட்டு பிளாஸ்டிக் என்பதால் உப்புக் காற்றில் துருப்பிடிக்காது. தட்டின் மேல் ஊரும் கைக்குத்தான் ஆபத்து.

துரு பிடிப்பது எங்கே?

முள்ளைத் தாங்கும் நீண்ட குழாய்தான் 'டோன் ஆர்ம்'. அதாவது பிளேயரின் கை. அது திரும்பும் இடத்தில் பொடிப்பொடியாகக் குண்டு பேரிங் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் தூள் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். கடற்கரையில் இது சர்வ சாதாரணம். கசிவு பட்ட பேரிங் துருப்பிடிக்கும். கை தயங்கும். முள் பள்ளத்தின் ஒரு பக்கத்தை அராவும். பாட்டு கொரகொரக்கும்.

“ஸ்பீக்கர் பழசு, அதான் இரையுது” என்று ஸ்பீக்கரை மாற்றுபவர்கள் உண்டு. பணம்தான் தண்டம். அராவிய பள்ளம் திரும்ப வராது. அப்பா வாங்கி வைத்த படப்பாட்டுத் தட்டு அதோடு சரி!

ஊதிப் பாருங்கள்!

பின்பக்க எடையைத் திருகிக் கையை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். லேசாக ஊத வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் பேரிங் நல்லது. நடுவில் முட்டி நின்றால் கையை மாற்றும் காலம் வந்துவிட்டது.

அடுத்து பாரம். பழைய கிராமபோன் தலை 100 கிராமுக்கு மேல் அழுத்தியது. அரக்குத் தட்டு தாங்கியது. எல்.பி. தாங்காது. காந்த கார்ட்ரிட்ஜுக்குச் சுமார் 2 கிராம் போதும். இவ்வளவு குறைந்த பாரத்துக்குத் தடையில்லாமல் அசையும் கை வேண்டும். இங்கிலாந்தில் 1959-ல் எஸ்.எம்.இ. கம்பெனி கொண்டுவந்த கை இதனால்தான் பேர் வாங்கியது. 1983-ல் ரேகா கம்பெனி ஒரே வார்ப்பில் கை செய்தது. பழைய கையைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டியவர்கள் உலகம் பூராவும் உண்டு.

மாட்டும்போது அளவு முக்கியம். துளை 2 மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் கடைசிப் பாட்டு 'ஸ்... ஸ்...' என்று சீறும். உள்வட்டத்தில்தான் கோளாறு பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று: “கை இறுகிடுச்சு” என்று தேங்காய் எண்ணெய் விடுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாகி, தூசியும் உப்பும் அதில் ஒட்டிக்கொள்ளும். பிளேயரைக் கடல் பக்கச் சன்னலில் இருந்து தள்ளி வைத்து, பாட்டு முடிந்ததும் மூடியை மூடிவிட்டாலே துரு பிடிப்பது பெருமளவு குறையும்.