பனியில் வழுக்கும் பந்தா

நான்கு சக்கரமும் இழுக்கும் கோடி ரூபாய் கார் இமயத்தில் ஏறிவிடும். இறங்கும்போதுதான் டயரின் அருமை தெரியும்.

திருவனந்தபுரத்தில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஆனால் கவடியார் பக்கம் ஓடும் சொகுசு ஜீப் ரகக் கார்கள் பலவற்றில் பனிப் படிகப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. சேறு, மணல், பாறை, பனி என்று தரைக்கு ஏற்றபடி திருகிக்கொள்ளும் குமிழை லேண்ட் ரோவர் நிறுவனம் 2004இல் டிஸ்கவரி 3 காரில் அறிமுகப்படுத்தியது. பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வழியில் போயின. கே.எல். 01 நம்பர் பலகை மாட்டிய காரில் அந்தப் பொத்தானுக்கு வேலை வரவேண்டுமானால், வண்டி வடக்கே 3,000 கி.மீ.க்கு மேல் ஓடியாக வேண்டும்.

இப்போது ஓடுகிறது. ஒரு காலத்தில் 13,000 அடி உயர ரோதங் கணவாய் குளிர்காலத்தில் மூடிக்கொள்ள, மணாலியோடு பயணம் முடிந்துவிடும். 2020 அக்டோபர் 3ஆம் தேதி 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. சுமார் 10,000 அடி உயரத்தில், நடுக்குளிரிலும் கார்கள் லாஹௌல் பள்ளத்தாக்கை எட்டிப்பார்க்கின்றன. பனியையே பார்த்திராத தெற்கத்திக் குடும்பங்களும் அந்த வரிசையில் நிற்கின்றன.

அந்த வரிசை எப்படி முடியக்கூடும் என்பதை 2024 டிசம்பர் 27 காட்டியது. புதிதாகக் கொட்டிய பனியில் சோலங் நாலா பகுதியில் சுமார் ஆயிரம் வாகனங்கள் சிக்கிக்கொண்டன. ஏறக்குறைய 5,000 பயணிகளைக் குலு போலீசார் மீட்க வேண்டியிருந்தது. அந்த மாதம் அங்கே எடுக்கப்பட்ட படங்களில், நான்கு சக்கர இழுவை கொண்ட வண்டிகளே சரிவில் மெல்ல மெல்ல வழுக்கிப் போனதை நாடே பார்த்தது.

நான்கு சக்கரமும் இழுக்கும்போது வழுக்குவானேன்? பதில் எளிது. ஃபோர் வீல் டிரைவ் என்பது வண்டியை நகர்த்துவதற்கான ஏற்பாடு, நிறுத்துவதற்கானது அல்ல. பிரேக் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. அந்த விஷயத்தில் சாதாரண மாருதிக்கும் கோடி ரூபாய் ரேஞ்ச் ரோவருக்கும் வித்தியாசம் இல்லை. வண்டிக்கும் தரைக்கும் இடையே உள்ள சம்பந்தமெல்லாம் நான்கு டயர்களின் அடியில் உள்ளங்கை அகலத் திட்டுகள் நான்கு மட்டுமே.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த பிறகு காய்ந்த தார் ரோட்டில் ஏறக்குறைய 12 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் அதற்கு 50 மீட்டர் வரை தேவைப்படலாம். கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் 100 மீட்டரைத் தொடும். சரிவில் இன்னும் மோசம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் மலைச்சாலையில், உறைபனி தரும் பிடிமானம் முழுவதும் வண்டியைக் கீழே சரியாமல் நிறுத்தி வைக்கவே செலவாகிவிடுகிறது. பிரேக் பிடிக்கவோ திருப்பவோ மிச்சம் எதுவும் இல்லை. நிறுத்தி வைத்த வண்டி தானாகவே நழுவத் தொடங்குவது இதனால்தான்.

பனிப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது? ஆக்சிலரேட்டர் மந்தமாகிறது. சில கார்கள் இரண்டாவது கியரில் கிளம்புகின்றன. சுழலும் சக்கரத்தை அடக்கிப் பிடியுள்ள சக்கரத்துக்குச் சக்தி போகிறது. கம்ப்யூட்டர் இருக்கிற பிடிமானத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும், இல்லாததை உண்டாக்காது. ஏ.பி.எஸ். பிரேக் ஸ்டியரிங் கட்டுப்பாட்டைக் காப்பாற்றும். ஆனால் பொலபொலவென்ற புதுப்பனியில் வண்டி நிற்கும் தூரம் அதனாலேயே கூடவும் செய்யும்.

1986இல் ஃபின்லாந்தில் பனிச்சறுக்கு மேடை ஒன்றின் செங்குத்துச் சரிவில் ஆடி 100 குவாட்ரோ ஏறிய விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. 2005இல் ஏ6 காரை வைத்து அந்தச் சாகசத்தைத் திரும்பச் செய்தபோது, அதற்கென்றே தயாரித்த ஆணி பதித்த டயர்களை மாட்டினார்கள். பெயர் காருக்கு, வேலை டயருக்கு.

இந்த இடத்தில் கதை மறுபடி கேரளத்துக்கு வருகிறது. டயரின் உயிர் ரப்பர். 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வணிக ரீதியாகத் தொடங்கிய ரப்பர் சாகுபடி, தெற்கே கன்னியாகுமரி மலையடிவாரம் வரை பரவியது. நம் ஊரில் விற்கும் கார்களில் வரும் சாதாரண டயரின் ரப்பர் வெப்பத்துக்கென்று கலக்கப்பட்டது. 7 டிகிரிக்குக் கீழே அது விறைக்கத் தொடங்கும். பனிக்கால டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் சேர்ந்த மென்மையான கலவை இருக்கும். இயற்கை ரப்பர் கண்ணாடிபோல் இறுக மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போகவேண்டும். டயரின் முகத்தில் பிளேடால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவை பனியைக் கவ்விப் பிடிக்கும். பள்ளங்களில் அடைந்த பனி தரைப் பனியோடு ஒட்டிக்கொள்வதும் பிடிமானமே.

ஃபின்லாந்தின் நோக்கியா ஊரில் இருந்த ரப்பர் ஆலை 1934இல் லாரிகளுக்கும் 1936இல் கார்களுக்கும் இந்த வகை டயரைச் செய்தது. கேரளத்தில் பேராம்பிராவில் 1977இல் உற்பத்தி தொடங்கிய அப்போலோ டயர்ஸ், 2009இல் நெதர்லாந்தின் விரெடெஸ்டைன் நிறுவனத்தை வாங்கியது. அதன் ‘வின்ட்ராக்’ பனிக்கால டயர்கள் ஐரோப்பியச் சாலைகளில் ஓடுகின்றன. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், மூன்று சிகரங்களுக்கு நடுவே பனிப் படிகம் பொறித்த டயர் மட்டுமே பனிக்கால டயராகச் செல்லும். ‘எம் பிளஸ் எஸ்’ என்ற பழைய முத்திரை மட்டும் இருந்தால் போதாது.

அப்படியானால் தம்பானூரிலேயே பனி டயர் மாட்டிக்கொண்டு கிளம்பலாமா? கூடாது. கொதிக்கும் தார் ரோட்டில் அந்த மென்மையான ரப்பர் சீக்கிரமே தேய்ந்துவிடும், பிரேக்கும் தளர்ந்து பிடிக்கும். நமக்கு நடைமுறைத் தீர்வு டயர்மீது சுற்றும் இரும்புச் சங்கிலி. மணாலியின் உள்ளூர் டிரைவர்கள் நம்புவதும் அதைத்தான். பனி விழுந்த நாட்களில் ஃபோர் வீல் டிரைவ் அல்லது சங்கிலி கட்டிய வண்டிகளை மட்டுமே போலீசார் மேலே விடுவது வழக்கம். முடிந்தால் நான்கு சக்கரத்துக்கும் கட்டவேண்டும். 50 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். பெரிய சக்கரம் கொண்ட சொகுசுக் கார்களில் சங்கிலிக்கு இடம் இருக்கிறதா என்பதைக் கையேட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் நம் ஊர்ப் பழக்கமும் ஆபத்து. தண்ணீர் உறைந்து விரிந்தால் என்ஜினே வெடித்துவிடும். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகாகத் திரண்டு குழாயை அடைக்கும். இதற்காகத்தான் இந்தியன் ஆயில் 2019இல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை லடாக்கில் கொண்டுவந்தது.

எல்லாவற்றையும்விடக் கொடிய எதிரி கண்ணுக்குத் தெரியாது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலையில் பனியில் சிக்கிய கார்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிரோடு, கார்பன் மோனாக்சைடும் காரணம் என்று கூறப்பட்டது. பனி சைலன்சரை மூடிக்கொள்ள, ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டால் புகை காருக்குள்ளேயே திரும்பும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில் விடுதி அறைக்குள் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் உயிரிழந்ததைத் திருவனந்தபுரம் மறந்திருக்காது. அவர்களில் ஐந்து பேர் இந்த ஊர்க்காரர்கள். பனியில் வண்டி நின்றால் முதலில் இறங்கி, சைலன்சரைச் சுற்றியுள்ள பனியைத் தள்ளவேண்டும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, என்ஜினை விட்டுவிட்டு ஓட்டவேண்டும்.

இமயத்துக்கே போகாதவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. ஜூன் மழையில் கழக்கூட்டம்–காரோடு பைபாசில் தேங்கிய தண்ணீர்மீது வேகமாகப் போகும் அகல டயர், தரையை விட்டு எழும்பி மிதக்கும். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும் பனிச்சரிவின் விதிகளே பொருந்தும். சிறிய கியர், என்ஜினே வேகத்தைப் பிடிக்கட்டும், பிரேக் மென்மையாக, வளைவுக்கு முன்பே. சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை தேய்ந்த டயரை அனுமதிக்கிறது, ஆஸ்திரியாவில் பனிக்கால டயருக்கு 4 மில்லிமீட்டர் கட்டாயம்.

கார் வாங்கும்போது குதிரைசக்தி கேட்கிறோம், மேலே திறக்கும் கண்ணாடிக் கூரை உண்டா என்று கேட்கிறோம். டயர் எந்த ரகம் என்று கேட்பவர்கள் குறைவு. மலைச்சரிவு கேட்கும் ஒரே கேள்வி அதுதான்.