அடுக்களைச் சிக்கனம்

சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிப்போர் நம்மிடையே பலர் உளர். பானையில் அரிசியைக் குறைத்துப் போடுவதும், கறியில் நீரைக் கூட்டுவதும், பிள்ளை மறுமுறை கேட்கும்போது அகப்பையை ஒளிப்பதுமே சிக்கனம் என அவர்கள் எண்ணுகின்றனர். அது சிக்கனமன்று, வறுமைக்கு இட்ட மறுபெயர். கையிலுள்ள பொருளின் பயனிற் சிறிதும் வீண்போகாமல், வீட்டிலுள்ளோர் அனைவரும் வயிறார உண்ணும்படி செய்வதே சிக்கனம். இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் அடுக்களையிற் பாதித் துன்பம் நீங்கும்.

நம் நாட்டவர்க்கு இப்பாடம் புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டிற் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு அரிசியோடு கோதுமை மாவும் நம் வீடுகளிற் புகுந்தது அக்காலத்திலேதான். 1953ஆம் ஆண்டிற் பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஒரு கொத்து அரிசிக்கு அத்துணை வலிமை இருந்தது. 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்கு உள்ளானபோது, சீனி கிடைக்காத வீடுகளிற் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்தினர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியையோ இன்றைய பள்ளிப் பிள்ளைகளும் நன்கறிவர். எரிவாயுவிற்கு வரிசையில் நின்ற அவ்வாண்டின் செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய காலங்களில் நமக்குக் கைகொடுத்தவை எவை? குரக்கன், ஒடியல், முருங்கையிலை, பயறு, மரவள்ளிக்கிழங்கு ஆகியனவே. நல்ல காலம் வந்ததும் நாம் முதலில் மறப்பவையும் இவையே. விருந்தினர் முன் குரக்கன் பிட்டை வைக்க நாணுகின்றோம். நாணத்தக்க பொருள்தானா அது என்று சற்று ஆராய்வோம்.

மலிவும் சத்தும்

நூறு கிராம் குரக்கனில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. அதே அளவு தீட்டிய வெள்ளையரிசியில் அதிற் பத்திலொரு பங்குதானும் இல்லை. நூறு மில்லிலீற்றர் பசுப்பாலில் உள்ளது ஏறக்குறைய 120 மில்லிகிராம். பால்மாப் பெட்டியின் விலையைக் கண்டு பெருமூச்செறியும் தாய்மார், பால்மாவை அறவே விடாவிட்டாலும், வாரத்தில் மூன்று நாட்களாயினும் குரக்கனை அடுப்பேற்றலாம். இரண்டு சுண்டு குரக்கன் மாவை இலேசாக வறுத்து, உப்புநீர் தெளித்துப் பிசறி, ஒரு பெரிய பிடி முருங்கையிலையும், அரிந்த சின்ன வெங்காயமும், இரண்டு பச்சைமிளகாயும், சிறிது தேங்காய்ப்பூவும் கலந்து நீத்துப்பெட்டியில் அவித்தெடுத்தால் ஐவருக்குக் காலையுணவு ஆயிற்று. வேறு கறி வேண்டுவதில்லை. ஒரு சம்பல் போதும்.

இதிற் கலந்த தேங்காய்ப்பூ சுவைக்காக மட்டுமன்று. கீரையிலுள்ள விற்றமின் ஏ ஆகும் சத்தை உடல் ஏற்பதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். கீரை வறையிற் தேங்காய்ப்பூ தூவும் நம் வழக்கம் இவ்வகையில் மிகவும் பொருத்தமானது. கீரைக்கறியை அடுப்பினின்று இறக்கியபின் தேசிக்காய் பிழிவதும் அத்தகையதே. இலைகளிலும் பருப்பு வகைகளிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுதற்குத் தேசிப்புளியிலுள்ள விற்றமின் சி துணைபுரிகின்றது. உண்டவுடன் தேநீர் அருந்துவதோ அவ்விரும்புச்சத்திற் பெரும்பகுதியைப் பயனற்றதாக்குகின்றது. உணவுக்கும் தேநீருக்குமிடையில் ஒரு மணிநேரமேனும் விடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மீனும் முட்டையும் வாங்க இயலாத நாட்களிற் பிள்ளைகளுக்குப் புரதம் எங்ஙனம் கிடைக்கும் எனச் சிலர் வினவுவர். அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள ஓர் அமினோவமிலம் பயறு, கௌபி, கடலை, உழுந்து ஆகியவற்றில் நிறைய உண்டு. இவற்றிற் குறைவாயுள்ள மற்றொன்று அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. சோறும் பருப்பும், தோசை, பயற்றங்கஞ்சி ஆகியன இக்காரணத்தால் ஏழையின் உணவாயினும் எளிய உணவல்ல. மீன் உண்ணும் குடும்பத்தார் பெரிய மீனின் துண்டுக்கு ஏங்காமல், முள்ளோடு தின்னத்தக்க நெத்தலியை வாங்குவாராயின் புரதத்தோடு கல்சியமும் பெறுவர்.

ஒரு பானைக் கூழ்

சிக்கனமும் சுவையும் ஒரே பானையிற் கூடுவதற்கு ஒடியற் கூழினும் சிறந்த சான்றில்லை. அதனை மீனும் நண்டும் இட்டுச் செய்வோர் பலர். சைவக் கூழ் செய்யும் முறையை இங்கே தருகின்றோம். ஐவர் அல்லது அறுவருக்குப் போதுமானது.

ஒரு சுண்டு ஒடியல் மாவை நிறைய நீரிற் கரைத்து ஊறவிடுக. மா அடியிற் படிந்ததும் மேல்நீரை வடித்து, மீண்டும் புதுநீர் விட்டு, அதனையும் வடித்துவிடுக. கசப்பை நீக்கும் இப்படியைத் தவிர்த்தலாகாது. கால் கிலோ மரவள்ளிக்கிழங்கை உட்தோலும் நீங்கச் சீவித் துண்டுகளாக்கி, நிறைய நீரில், பானையை மூடாமல் வேறாக அவித்து, அந்நீரைக் கொட்டிவிடுக. கிழங்கிலுள்ள நச்சுப்பொருள் குறைதற்கு இதுவே வழி. பின்னர் பெரிய பானையில் மூன்று லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து, ஒரு பிடி அரிசியும், கோது நீக்கிய பலாக்கொட்டை பதினைந்தும் இட்டு, அவை அரைவேக்காடானதும் ஒரு பிடி பயிற்றங்காயை முறித்துப் போடுக. எல்லாம் வெந்தபின் அவித்த கிழங்கையும், இரண்டு பிடி முருங்கையிலையையும் சேர்த்து, பத்துச் செத்தல் மிளகாயை உப்போடு அரைத்த கூட்டையும், தேசிக்காயளவு பழப்புளியின் கரைசலையும் விடுக. ஈற்றில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடியாது துழாவி, மா நன்றாக வெந்து கூழ் தடித்ததும் இறக்குக. பிலாவிலையைக் கோலிக் குடித்தாற் கோப்பை கழுவும் வேலையும் மிச்சம்.

கூழுக்குச் சேர்க்கும் பொருள்களிற் பல, வளவும் கிணறும் உடையார்க்கு விலையின்றிக் கிடைப்பன. நகரத்து வாடகை வீட்டில் இருப்போர்க்கு அவ்வாய்ப்பில்லை. எனினும் வேலியோரம் நட்ட ஒரு முருங்கைக் கதியாலுக்கும், பழைய வாளியில் வைத்த பசளிக்கொடிக்கும், கறிவேப்பிலைக் கன்றுக்கும் அரிசி கழுவிய நீரே போதும்.

வீணாவன

இனி, வாங்கிய பொருள் எவ்வாறு வீணாகின்றது என்பதைக் காண்போம். அரிசியைப் பலமுறை அரிக்குந்தோறும், வேகவைத்து வடிக்குந்தோறும் பி வகை விற்றமின்கள் நீரோடு போகின்றன. நெல்லை அவித்துக் குற்றிய புழுங்கலரிசியில் அச்சத்துக்கள் மணியின் உள்ளே ஊறி நிற்பதால் இழப்புக் குறைவு. வடித்த கஞ்சியைக் கொட்டாது, உப்பும் சின்ன வெங்காயமும் இட்டுப் பருகலாம். இரவு மிஞ்சிய சோற்றை ஆறியவுடன் நீர்விட்டு வைத்தாற் காலையிற் பழஞ்சோறு ஆயத்தம்.

தேங்காய் விலையேறிய நாட்களில் எல்லாக் கறிக்கும் முதற்பால் விடுதல் தகாது. முதற்பாலைக் கடைசியிற் சேர்க்கும் ஒரு கறிக்கென வைத்து, இரண்டாம் பாலிற் காய்களை அவித்து, மூன்றாம் பாலைச் சொதிக்கு ஆக்குக. எரிபொருளும் அவ்வாறே. கடலையையும் கௌபியையும் முதல்நாள் இரவே ஊறவைத்தால் அவிக்கும் நேரம் வெகுவாகக் குறையும். பருப்பு அவியும் பானையின் மேலேயே நீத்துப்பெட்டியை வைத்தால் ஒரு நெருப்பில் இரண்டு காரியம் முடியும்.

தாயின் தட்டு

இவையெல்லாம் பலரும் அறிந்தவையே எனலாம். ஆயினும் அறிந்தும் பேசாத ஒன்றுண்டு. நம் வீடுகளிற் சிக்கனத்தின் கணக்கு எங்கே எழுதப்படுகின்றது? பெரும்பாலும் தாயின் தட்டிலேதான். கணவனுக்குப் பரிமாறி, பிள்ளைகளுக்குப் பரிமாறி, மாமியாருக்குப் பரிமாறி, ஈற்றிற் சட்டியை வழித்து உண்பவள் அவள். முட்டை நான்கும் ஆட்கள் ஐவருமாயின் "எனக்கு முட்டை பிடிக்காது" என்பவளும் அவளே. அச்சொல்லை இருபது ஆண்டுகள் கேட்ட பிள்ளைகள் அதை உண்மையென்றே நம்பிவிடுகின்றனர்.

உடலியல் கூறுவது இதற்கு நேர்மாறானது. மாதவிடாய்ப் பருவத்திலுள்ள பெண்ணுக்கு ஆடவனைப் பார்க்கிலும் ஏறக்குறைய இருமடங்கு இரும்புச்சத்து நாள்தோறும் வேண்டும். கருவுற்றிருப்பின் இன்னும் மிகுதியாக வேண்டும். யாருக்கு மிகத் தேவையோ அவர் கடைசியில் உண்கின்றார். களைப்பு, மூச்சு வாங்குதல், முகவெளிறல் ஆகியவற்றை வேலை மிகுதி என்று கூறி மறைத்து, முடிவில் இரத்தச்சோகை என வைத்தியர் கூறும்போது, மிச்சம் பிடித்த காசு மருந்துக்கடைக்குச் செல்கின்றது. ஒருவரின் பசியாற் கிடைத்த மிச்சத்தைச் சிக்கனம் என்று எந்தக் கணக்கிற் சேர்ப்பது? அதைத் தியாகம் எனப் புகழ்ந்து நாம் தப்பிக்கொள்கின்றோம்.

தாய்மார்க்கு நாம் கூறுவது ஒன்றே. சமைத்ததை முதலில் ஆட்கணக்குப்படி பங்கிடுக. அக்கணக்கில் உங்களையும் சேர்த்துக்கொள்க. முட்டை நான்காயின் பொரித்து ஐந்தாக வெட்டுக. சின்ன வெங்காயமும் முருங்கையிலையும் கலந்து பொரித்தால் அது பெருகியும் வரும். இயன்றபோதெல்லாம் யாவரும் ஒருங்கிருந்து உண்க. ஒருங்கிருந்து உண்ணும் வீட்டில் எவருடைய தட்டு வெறுமையாய் உள்ளது என்பது மறைவதில்லை.

மாணவ மணிகளுக்கும் ஒரு சொல். காலையுணவின்றிப் பள்ளிக்கு வந்து, இடைவேளையிற் பொட்டலத் தீன்பண்டம் வாங்கும் பிள்ளைகளை நாம் வகுப்பிற் காண்கின்றோம். அப்பொட்டலத்தின் விலைக்கு வீட்டில் எத்தனை பேருக்குக் கடலை அவித்துத் தாளிக்கலாம் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். கடைவிலையை நீங்களே விசாரித்து எழுதுங்கள். தேங்காய் துருவவும், முருங்கையிலை உருவவும், அரிசி களையவும் ஆண்பிள்ளைகளும் பழகுக. அடுக்களையில் அரைமணிநேரம் நின்றவனுக்குத்தான் ஒரு பிடி சோற்றை எறிய மனம் வராது. இன்றிரவு சாப்பாட்டிற்கு அமரும்போது, பானையில் அம்மாவுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்று எட்டிப் பார்த்துவிட்டு உங்கள் தட்டை நீட்டுங்கள்.