அஞ்சல் நிரலுக்கு இட்ட வேலி

அஞ்சல் சேவை, கணினியில் யார் கண்ணிலும் படாமல் ஓயாது ஓடும் நிரல். முன்பின் தெரியாதவர் அனுப்பும் மடலையும் அது வாங்கியே ஆக வேண்டும். ஆபத்தும் அதே வாசல் வழியாக வரும். 1988 நவம்பர் 2 அன்று பரவிய மாரிஸ் புழு, செண்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலின் ஓட்டையையும் ஒரு வழியாகப் பயன்படுத்தியது.

கோப்புக்கு உரியவரே அனுமதி தருவது வழக்கமான முறை. ஆனால் ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரத்தில் ஓடும் நிரலை அது தடுக்காது. நிரல் ஏமாந்தால் கணினியே பறிபோகும். கட்டாய அணுகல் கட்டுப்பாட்டில், ரூட்டும் விதிக்கு அடங்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் இந்தக் கட்டுப்பாட்டைத் தருபவை எஸ்இலினக்ஸும் ஆப்ஆர்மரும். 2000 டிசம்பரில் வெளியான எஸ்இலினக்ஸ் 2003இல் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. ஆப்ஆர்மர் 2010இல் சேர்ந்தது.

எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு நிரலுக்கும் கோப்புக்கும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டுகிறது. அரியலூர் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் கொண்டுவரும் லாரி ஓட்டுநருக்கு எடைமேடையில் வேலை உண்டு, கணக்கு அறையில் இல்லை. அதுபோல அஞ்சல் சேவை அஞ்சல் பெட்டியைத் தொடலாம், கடவுச்சொல் கோப்பைத் தொட முடியாது. விதியில் எழுதாத எதற்கும் அனுமதி கிடையாது.

இதில் ஒரு விந்தை உண்டு. கோப்பை இடம் மாற்றினால் பழைய சீட்டும் கூடவே போகும். நகலெடுத்தால் பொதுவாகப் புது இடத்துச் சீட்டு ஒட்டிக்கொள்ளும். பெரம்பலூர்ச் சின்ன வெங்காய மூட்டையைக் குடோன் மாற்றி அடுக்கினாலும் மேலே எழுதிய பெயர் மாறாதது போலத்தான் இது. வீட்டு அடைவிலிருந்து அஞ்சல் அடைவுக்கு நகர்த்திய கோப்பைச் சேவை படிக்க முடியாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சீட்டைத் திருத்தும் கட்டளை ஒன்று போதும்.

அதைச் செய்யாமல், தடங்கல் வந்ததும் காவலையே அணைத்துவிடும் நிர்வாகிகள் பலர். ஒரு மூட்டைக்காகக் குடோனின் கதவைக் கழற்றுவது போன்ற தவறு அது. தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையும் எஸ்இலினக்ஸில் உண்டு. அந்தப் பதிவைப் படித்து, தேவையான விதியை மட்டும் சேர்த்து, காவலை மீண்டும் இயக்குவதே முறை.

கைப்பேசிக்கும் இதே வேலி தேவைப்பட்டது. 2015இல் ஆண்ட்ராய்டின் ஊடக நிரலில் வெளிப்பட்ட ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை, ஒரு எம்.எம்.எஸ். வீடியோவாலேயே கைப்பேசிக்குள் நுழைய வழிவிட்டது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7, ஊடக வேலைகளைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எஸ்இலினக்ஸ் விதி வகுத்தது. மக்காச்சோள விலையைப் பார்க்கப் பெரம்பலூர் உழவர் எடுக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இன்று இந்தக் காவல் இருக்கிறது. கைப்பேசிக்கு வரும் புதுப்பிப்புகளைத் தவறாமல் ஏற்பது, அந்தக் காவலுக்கு அவர் செய்யக்கூடிய உதவி.