ஒரு தரம்... ரெண்டு தரம்... நம்ம படகு!

கோவளம், நீலாங்கரை பக்கம் காலையில போனா மீன் ஏலம் பார்த்திருப்பீங்க. கூடையைச் சுத்தி கூட்டம், 'ஒரு தரம், ரெண்டு தரம்'னு சத்தம், மூணாவது தரத்துல மேட்டர் ஓவர். சரி, படகு ஏலம் பார்த்திருக்கீங்களா? அதுவும் நம்ம ஊர் படகை இன்னொரு நாட்டுல ஏலம் விட்ட கதை தெரியுமா?

2022 பிப்ரவரி 7-ம் தேதி இலங்கை அரசு அப்படி ஒரு ஏலத்தை ஆரம்பிச்சது. பட்டியல்ல இருந்தது 105 படகுகள். காரைநகர்ல 65, காங்கேசன்துறையில 5, கிராஞ்சியில 24, தலைமன்னார்ல 9, கற்பிட்டியில 2. அஞ்சு நாள், அஞ்சு ஊர். எல்லாமே எல்லை தாண்டி மீன் பிடிச்சதா சொல்லி இலங்கைக் கடற்படை பிடிச்சு வெச்சிருந்த தமிழக மீனவர்களோட படகுகள். இங்கே கரையில போராட்டம், டெல்லிக்கு முதல்வர் கடிதம். அங்கே ஏலம் நிக்கலை.

ஒரு நிமிஷம் அந்தப் படகோட ஓனர் நீங்கதான்னு வெச்சுக்கோங்க. ராமேஸ்வரத்துல விசைப்படகுகள் திங்கள், புதன், சனின்னு வாரத்துல மூணு நாள்தான் கடலுக்குப் போகும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். மிச்ச நாள்ல சம்பாதிச்சுத்தான் டீசல், வலை, வட்டி, தங்கச்சி காலேஜ் ஃபீஸ் எல்லாம். ஒருநாள் படகு பிடிபடுது. ஆட்கள் கொஞ்ச நாள்ல வீடு திரும்பலாம். படகு வராது. ஆர்.சி. புக் மாதிரி படகுக்கான ஆவணங்களோட நீங்களே கடல் தாண்டிப் போய் இலங்கை கோர்ட்ல நின்னு, 'இது என்னுதுதான்'னு நிரூபிக்கணும். அதுக்குள்ள வருஷம் ஓடிடும். வெயில்லயும் மழையிலயும் கிடந்து பலகை இத்துப்போகும், இன்ஜின் துரு பிடிக்கும். கடைசியில ஏலத்துல எவ்வளவுக்குப் போனாலும் ஒரு பைசா உங்களுக்கு இல்லை.

'அநியாயம்டா மச்சான்'னு தோணுதுல்ல? இருங்க, எதிர்க்கரையையும் கொஞ்சம் எட்டிப் பாருங்க. அங்கே யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் இருக்கறவங்களும் தமிழ் மீனவர்கள்தான். போர்க்காலம் முழுக்கக் கடலுக்கே சரியா போக முடியாதவங்க. 2009-ல போர் முடிஞ்ச பிறகுதான் சின்னப் படகு, சின்ன வலைன்னு மறுபடி எழுந்து நின்னாங்க. நம்ம படகுகளோட இழுவை மடி கடலோட அடித்தரையையே வாரிக்கிட்டுப் போகும். குஞ்சு, முட்டை எதுவும் மிஞ்சாது. குறுக்கே இருக்கற அவங்க வலையும் அறுந்துபோகும். 2017-ல இலங்கை அந்த மடியைச் சட்டம் போட்டே தடை பண்ணிடுச்சு. ஆக, ஒரு கரையில படகு போச்சுன்னு அழுகை, இன்னொரு கரையில வலை போச்சுன்னு அழுகை. ரெண்டும் ஒரே மொழியில!

'எல்லை தாண்டாம இருந்தா என்ன?'ன்னு கேப்பீங்க. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர்தான். அதாவது, தாம்பரத்துல இருந்து நீங்க எலெக்ட்ரிக் ட்ரெயின்ல செங்கல்பட்டு போற தூரம்! அதுக்கு நடுவுல 1974 ஒப்பந்தம் போட்ட கோடு. நம்ம பக்கம் மீன் குறையக் குறைய, படகு அந்தக் கோட்டைத் தாண்டிடுது.

தீர்வே இல்லையா? 2017-ல ஒண்ணு வந்தது. இழுவை மடியை விட்டுட்டு ஆழ்கடல்ல சூரை பிடிக்கப் போற திட்டம். படகு விலை 80 லட்சம். மத்திய, மாநில அரசு மானியம் 56 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் பங்கு 8 லட்சம். கேட்க ஜோராத்தான் இருக்கு. ஆனா, மீட்கவே முடியாதுன்னு கைவிட்ட 125 படகுகளுக்குத் தமிழக அரசு தந்த நிவாரணம் என்ன தெரியுமா? விசைப்படகுக்கு 5 லட்சம், நாட்டுப்படகுக்கு ஒன்றரை லட்சம். 5 லட்சத்தைக் கையில வாங்கினவர் பழைய கடனை அடைப்பாரா, புதுசா 8 லட்சம் புரட்டுவாரா? எக்கனாமிக்ஸ் ஸ்டூடண்ட்ஸ், கணக்குப் போட்டுச் சொல்லுங்க.

2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம் திறந்த அன்னிக்கே தாம்பரம் - ராமேஸ்வரம் ரயிலுக்கும் கொடி அசைச்சாங்க. அதுல வந்து இறங்குற பசங்கள்ல ஒருத்தர் உங்க கிளாஸ்லயோ, ஹாஸ்டல் பக்கத்து ரூம்லயோ இருக்கலாம். கேன்டீன்ல ஒரு டீ சொல்லிட்டு, 'உங்க வீட்ல படகு இருக்கா?'ன்னு கேளுங்க. 'இருந்துச்சு'ன்னு பதில் வந்தா, டீ ஆறினாலும் பரவாயில்லைன்னு மிச்சத்தையும் கேளுங்க.