நாற்பத்தைந்தாம் இடம்

2022 பெப்ரவரியில் ஒரு நாள், தரம் 10 பிள்ளைகளுக்குப் பத்திரிகையில் வந்த சிறிய விளையாட்டுச் செய்தி ஒன்றை உரத்து வாசிக்கக் கொடுத்தேன். சீனாவின் பெய்ஜிங் நகரில் நடந்துகொண்டிருந்த குளிர்கால ஒலிம்பிக்கில், காஷ்மீரைச் சேர்ந்த ஆரிப் முஹம்மத் கான் என்ற வீரர் பனிச்சறுக்குப் போட்டியில் 45ஆம் இடத்தைப் பெற்றார் என்பது செய்தி. வாசித்து முடித்த பிள்ளை தலையை நிமிர்த்தி, "டீச்சர், நாப்பத்தைஞ்சாவதா வந்ததை ஏன் பேப்பரில போட்டவை?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. பிறகு தேடி வாசித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் பனியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் முற்றத்துப் புல்லை நனைத்துவிட்டு, வெயில் ஏற மறைந்துபோகும் ஈரம். "பனியில நிக்காத, தடிமன் பிடிக்கும்" என்று உம்மா சொல்வது அந்தப் பனியைத்தான். முன்பனி, பின்பனி என்று ஆண்டின் மூன்றில் ஒரு பங்கைப் பனிக்குக் கொடுத்த தமிழிலே, வானத்திலிருந்து பஞ்சுபோல விழுந்து, முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, மாதக்கணக்காகக் கிடக்கும் பொருளுக்கும் அதே சொல்லைத்தான் வைத்துச் சமாளிக்கிறோம். கனடாவிலும் நோர்வேயிலும் இருந்து பேசும் அயலவர்கள் 'ஸ்னோ' என்றே சொல்லிவிடுகிறார்கள். நுவரெலியாவில் சில தை மாதங்களில் புல்லின்மேல் வெள்ளையாகப் படிவதுகூட உறைந்துபோன பனித்துளிதான், மேலிருந்து விழுந்ததல்ல.

விழுந்து குவியும் அந்தப் பனியிலும் பனிக்கட்டியிலும் நடக்கும் விளையாட்டுகளுக்கென்று 1924ஆம் ஆண்டு பிரான்சின் சமோனி நகரில் தொடங்கியதுதான் குளிர்கால ஒலிம்பிக். பெய்ஜிங்கில் 91 நாடுகள் பங்குபற்றின. நூற்று நாற்பது கோடி மக்களைக் கொண்ட இந்தியாவின் அணியில் எத்தனை பேர்? பயிற்றுநர், முகாமையாளர் முதலியோரைச் சேர்த்து ஆறு பேர் போனார்கள். அவர்களுள் போட்டியிட்டவர் ஒருவரே. ஆரிப் கான்தான் இந்தியாவின் தேசிய அணி.

அவர் கலந்துகொண்ட போட்டிக்கு ஜயன்ட் ஸ்லாலம் என்று பெயர். செங்குத்தான மலைச்சரிவில், இடமும் வலமுமாக வாயில்கள் போலக் கம்புகள் நட்டிருக்கும். வீரர் காலில் நீண்ட சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு மேலிருந்து புறப்பட்டு, எல்லா வாயில்களையும் வளைந்து வளைந்து கடந்து கீழே வரவேண்டும். ஒரு வாயிலைத் தவறவிட்டாலும் போட்டி முடிந்தது. இரண்டு முறை இறங்கவேண்டும். வாயில்களின் அமைப்பு இரண்டாம் முறை மாறியிருக்கும். இரண்டு நேரங்களையும் கூட்டி, ஒரு செக்கனை நூறாகப் பிரித்து இடம் தீர்மானிப்பார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. தரவரிசையில் மேலே உள்ளவர்கள் முதலில் இறங்குவார்கள். பின்னால் வருபவருக்குக் கிடைப்பது, முன்னால் போனவர்களின் பலகைகள் கீறிக் கிளறிவிட்ட பாதை. பின்தங்கியவருக்குப் பாதையும் மோசமானதே கிடைக்கிறது.

பெப்ரவரி 13ஆம் திகதி, பெய்ஜிங்குக்கு அருகிலுள்ள யான்சிங் மலையில் அந்தப் போட்டி நடந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஒலிம்பிக்கில் பயன்பட்ட பனி ஏறத்தாழ முழுவதும் இயந்திரங்களால் செய்யப்பட்டது. அன்று மட்டும் இயற்கைப் பனி தானாக வந்து கொட்டியது. எதிரே இருப்பது தெரியாத அளவுக்குக் கொட்டியதால் இரண்டாவது இறக்கத்தைப் பிற்போடவேண்டியதாயிற்று. எண்பதுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டார்கள்; அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விழுந்தோ வாயிலைத் தவறவிட்டோ விலகிப்போனார்கள். தங்கம் வென்றவர் சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட்; இரு இறக்கங்களிலும் சேர்த்து அவருக்கு 2 நிமிடம் 9.35 செக்கன். ஆரிப் கானுக்கு 2 நிமிடம் 47.24 செக்கன். முப்பத்தெட்டு செக்கன்கூட இல்லாத இடைவெளி. அதற்குள் அடங்கியிருப்பது என்ன என்பதைத்தான் அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்கவேண்டும்.

ஆரிப் கான் 1990இல் பாரமுல்லா மாவட்டத்தின் தங்மர்க் பகுதியில் பிறந்தவர். அந்த ஆண்டைப் பற்றி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை; காஷ்மீரிலும் துப்பாக்கிகளின் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. தங்மர்க்கிலிருந்து மேலே ஏறினால் குல்மர்க். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2650 மீற்றர் உயரத்தில் இருக்கும் மலைப்புல்வெளி. அங்கே அவருடைய தந்தை சறுக்குக் கருவிகள் விற்கும் கடை வைத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டும் தொழிலும் செய்துவந்தார். நான்கு வயதிலேயே மகனைப் பலகைமேல் நிறுத்திப் பழக்கினார். எங்கள் கரையோரத்துப் பிள்ளைகள் நீந்தப் பழகுவதுபோலத்தான். ஆனால், குல்மர்க்கில் பனி நிற்பது ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே. ஐரோப்பாவில் அவரோடு போட்டியிடும் இளைஞர் ஆண்டின் பெரும்பகுதியைப் பனியில் கழிப்பார். கோடையில் உயரமான பனிமலைகளுக்குப் போவார். காஷ்மீர்ப் பிள்ளைக்குப் பனி கரைந்தால் பயிற்சியும் கரைந்துபோகும். வெளிநாடு போகவேண்டும், போவதற்குப் பணம் வேண்டும்.

2011இல் இந்தியாவில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளில் அவர் இரண்டு தங்கம் வென்றார். அதன் பின்னும் 2018ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்குத் தகுதி தேடும் முயற்சி பணம் போதாமல் நின்றுபோயிற்று. தகுதி பெறுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சர்வதேசப் போட்டியிலும், வென்றவரின் நேரத்துக்கும் உங்கள் நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டுப் புள்ளி போடுவார்கள். பரீட்சைக்கு நேர்மாறு, புள்ளி குறையக் குறைய நல்லது. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே புள்ளியை இறக்கும்வரை நாடு நாடாகப் போய்ப் போட்டியிடவேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் விமானச்சீட்டு, தங்குமிடம், பயிற்றுநர் கட்டணம். அடுத்த நான்கு ஆண்டும் அவர் அப்படி அலைந்தார். தன் திருமணத்தையும் அதற்காகத் தள்ளிவைத்தார். கடைசியில் 2021 நவம்பரில் ஸ்லாலம் போட்டிக்கான தகுதியை அவர் பெற்ற இடம் எது தெரியுமா? டுபாய். பாலைவனத்து நகரில், பெரிய அங்காடி ஒன்றுக்குள்ளே குளிரூட்டிச் செய்த 400 மீற்றர் பனிச்சரிவு! அடுத்த மாதம் மொன்டெனேக்ரோ நாட்டில் ஜயன்ட் ஸ்லாலத்துக்கும் தகுதி பெற்றார். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு போட்டிகளுக்கு நேரடியாகத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அதன் பிறகு அரசின் உதவி கிடைத்து, ஒஸ்ரியாவில் சில வாரங்கள் பயிற்சி செய்ய முடிந்தது.

ஆரம்ப விழாவுக்கு முன்னர் இன்னொரு சிக்கல் வந்தது. 2020இல் கல்வான் பள்ளத்தாக்கில் இந்தியப் படையோடு மோதிய சீனப் படை அதிகாரி ஒருவரை ஒலிம்பிக் சுடர் ஏந்துவோரில் ஒருவராகச் சேர்த்திருந்தார்கள். இந்தியா தன் தூதரக அதிகாரியை விழாக்களுக்கு அனுப்பவில்லை. அரச தொலைக்காட்சியும் விழாவை நேரடியாகக் காட்டவில்லை. அரசுகளுக்குள் இருந்த கோபம் அது. அதன் நடுவே பெப்ரவரி 4ஆம் திகதி ஆரிப் கான் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கொடி பிடிக்க வேறு வீரர் இருக்கவில்லை.

இப்படித் தனியாளாக நின்றவர் இவருக்கு முன்னும் ஒருவர் உண்டு. ஷிவா கேசவன், இமாசலப் பிரதேசத்தின் மணாலியில் பிறந்தவர்; தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர். அவருடைய விளையாட்டு லூஜ். தடையில்லாத சிறு சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டிக்கொண்டு, பனிக்கட்டியால் ஆன வாய்க்கால் ஒன்றுக்குள் மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் பாய்வது. 2010 வன்கூவர் ஒலிம்பிக்கின் ஆரம்ப விழா அன்று காலை, இதே விளையாட்டின் பயிற்சியில் ஜோர்ஜியா நாட்டு இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். விளையாட்டின் ஆபத்து அவ்வளவு. இந்தியாவிலோ அத்தகைய ஓடுபாதை ஒன்றுகூட இருக்கவில்லை. ஆகவே கேசவன் வண்டியின் அடியில் சில்லுகளைப் பூட்டி, இமயமலைத் தார்வீதியில் படுத்தபடி இறங்கிப் பழகினார். எதிரே லொறி வரும். ஆட்டுமந்தை குறுக்கே போகும். அவற்றுக்கிடையே நெளிந்து போவார். அந்தக் காணொளியை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை பார்க்கத் துணிவு வரவில்லை. 1998இல் ஜப்பானின் நகானோவில், 16 வயதில், இந்தியாவின் ஒரே வீரராகப் போட்டியிட்டவர், 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் பங்குபற்றினார். அவர் பெற்ற மிக உயர்ந்த இடம் 2006இல் கிடைத்த 25.

2014இல் ரஷ்யாவின் சோச்சியில் அவருக்கு நடந்ததைக் கேட்டால் மனம் கனக்கும். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் நிர்வாகக் கோளாறுகளால் சர்வதேச ஒலிம்பிக் குழு அச்சங்கத்தை இடைநிறுத்தியிருந்தது. ஆரம்ப விழாவில் இந்திய வீரர் மூவரும் நாட்டுக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் பின்னால் நடந்தார்கள். கேசவன் போட்டியிட்டு முடித்த பிறகு, பெப்ரவரி 11ஆம் திகதிதான் தடை நீங்கியது. மற்ற இருவரும் தம் நாட்டின் பெயரில் இறங்கினர். கேசவனுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

எங்கள் கல்லூரிச் சஞ்சிகையில் பெண்களைச் சொல்லாமல் விடலாமா? இந்தியாவிலிருந்து குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சென்ற முதற்பெண் ஷைலஜா குமார். 1988இல் கனடாவின் கல்கரியில் ஸ்லாலம் போட்டியில் 28ஆம் இடம். ஈரானிலிருந்து முதலாவதாகச் சென்ற பெண் மர்ஜான் கல்ஹோர். 2010இல் வன்கூவரில் தன் நாட்டின் கொடியைப் பிடித்து நடந்து, இரண்டு போட்டிகளையும் இறுதிவரை முடித்தார். பனிச்சறுக்கில் தலையை மூடுவது யாருக்கும் கேள்வியாகவே இல்லை. எல்லோரும் தலைக்கவசத்துடன்தான் இறங்குகிறார்கள். பனிக்கட்டி மேடையில் ஆடும் அலங்காரச் சறுக்கில் நிலைமை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஸஹ்ரா லாரி 2012இல் இத்தாலியில் ஹிஜாபுடன் போட்டியிட்டபோது, ஆடை விதியைக் காட்டி அவருடைய புள்ளியைக் குறைத்தார்கள். அவர் ஹிஜாபையும் விடவில்லை, சறுக்கையும் விடவில்லை. உரியவர்களிடம் போய்ப் பேசினார். பின்னர் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது.

"இவ்வளவு செலவழித்துக் கடைசியில் வருவதற்கு ஏன் போகவேண்டும்?" என்று பெற்றோர் கேட்கக்கூடும். ஒலிம்பிக் நடத்துபவர்களே கேட்ட கேள்விதான் இது. 1988இல் எடி எட்வர்ட்ஸ் என்ற பிரித்தானியர் பனித்தாவல் போட்டியில் கடைசியாக வந்து உலகப் புகழ் பெற்றுவிட்டார். அதன் பின் தகுதி விதிகளை இறுக்கினார்கள். நகானோவில் பத்துக் கிலோமீற்றர் பனியோட்டத்தில் கென்யாவின் பிலிப் போயிட் 92ஆவதாக, கடைசியாக வந்து சேர்ந்தபோது, அதில் தங்கம் வென்ற நோர்வேயின் பியோர்ன் டேலி இருபது நிமிடமளவில் எல்லைக்கோட்டிலேயே காத்து நின்று அவரைக் கட்டியணைத்தார். போயிட் பிறகு தன் மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார். விதி இறுகுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; உயிராபத்துள்ள விளையாட்டில் பழகாதவரை இறக்கிவிடக் கூடாது. ஆனால், விதியின் எல்லையைத் தாண்டி வந்தவரைப் பார்த்து 'ஏன் வந்தாய்' என்று கேட்பது சரியல்ல. புள்ளியை இறக்கிக் காட்டித்தானே வந்திருக்கிறார்!

இலங்கை 2017இல் ஜப்பானின் சப்போரோவில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுகளில் முதன்முறையாகக் கலந்துகொண்டது. பெய்ஜிங்கில் நடந்து வந்த 91 நாடுகளுள் நாங்கள் இல்லை.

அந்தப் பிள்ளையிடம் அடுத்த கிழமை இவற்றில் பாதியைத்தான் சொன்னேன், மணி அடித்துவிட்டது. சில நாட்கள் கழித்து இடைவேளையில், வீட்டுத் தொலைபேசியில் இருந்த படமொன்றைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள். டுபாயில் வேலை செய்யும் அவளுடைய மாமா, அங்காடி ஒன்றின் பெரிய கண்ணாடிக்கு வெளியே அரைக்கைச் சட்டையுடன் நிற்கிறார். கண்ணாடிக்கு உட்பக்கம் வெள்ளையாக ஒரு சரிவு.

"உதிலயோ டீச்சர் அவர் சறுக்கினவர்?"

"ஓம், உதிலதான்."