புல்லும் பூனையும்

2021 நவம்பரில் எங்கள் மதுக்கரையை அடுத்த நவக்கரை அருகே இரயில் மோதி மூன்று யானைகள் மாண்டபோது ஊரே அதைப் பேசிற்று. கண்ணில் படாத சிற்றுயிர்களின் நிலை யாது? எம் மலையடிவாரம் போன்ற வறண்ட காடுகளுக்குரிய பூனை ஒன்றையும், கடலோரப் புல் ஒன்றையும் ஈண்டு ஒப்பிட முனைகிறேன்.

துருநிறப் புள்ளிப் பூனை இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் மட்டுமே வாழ்வது. வீட்டுப் பூனையினும் சிறியது. எடை ஒன்றரைக் கிலோ அளவே. மகாராட்டிரத்தில் கரும்பு வெட்டும்போது இதன் குட்டிகள் அகப்படுவதுண்டு.

'ஹாலோபிலா பெக்காரி' என்னும் கடற்புல் பாசியன்று. வேரும் பூவும் உடைய தாவரம். சிறிய இலைகளுடன் கழிமுகச் சேற்றில் படர்ந்து, அச்சேற்றையே பிடித்து நிறுத்துகிறது. இறால் பண்ணைக்காகக் கரையைத் திருத்துவோர் இதைப் பொருட்படுத்துவாரா?

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் பூனை அச்சுறுத்தலை நெருங்கிய இனம். புல்லின் நிலை அதைவிட ஒரு படி மோசம். ஆயினும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பூனையைப் பெயர் சொல்லி முதல் அட்டவணையில் சேர்த்துள்ளது. 2011, 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகளோ கடற்புல் வளரும் திட்டுகளைத்தான் காக்கின்றன. திட்டு இருப்பதை யாரேனும் கண்டு வரைபடத்தில் குறித்தால்தானே! அதற்கு நீர் வற்றும் வேளையில் சேற்றில் இறங்க வேண்டும். பூனைக்காவது விளக்கொளியில் கண்கள் மின்னும்.